இசக்கி நீட்டிய கை

போன மாதம் எங்கள் பழைய லேபில் புது மெஷின் இறக்கினார்கள். நான் ரிட்டயர் ஆகி இலஞ்சியில் வீட்டோடு இருக்கிறவள். ஆனாலும் என் நாற்காலிக்கு வந்திருக்கும் ஜெபா போன் போட்டு, "அக்கா, நீங்க ஒரு எட்டு வந்து பாத்தாத்தான் எனக்கு நிம்மதி" என்றாள். போனேன். மெஷினோடு வந்திருந்த இன்ஜினியர் தம்பி அதைத் தடவித் தடவிப் பெருமை பேசிக்கொண்டிருந்தார். ரத்தத்தில் ஹார்மோன் தாறுமாறாக ஏறிக் கிடந்தால் இது தானே கண்டுபிடித்துவிடுமாம், தானே சாம்பிளை நீர்க்க வைத்து, தானே மறுபடி பார்த்து, சரியான நம்பரைத் தந்துவிடுமாம். மனுசர் கை படவே வேண்டாமாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனுசர் கை பட்டுத்தான் இதே லேபில் ஒரு ஆளின் கண்ணும், ஒரு பெண்ணின் பேரும் தப்பித்தன. அதைச் சொல்ல வாய் வந்தது. ஆனால் அந்தத் தம்பிக்கு மதிய ரயிலைப் பிடிக்கிற அவசரம். ஜெபாதான் விடவில்லை, எழுதியாவது கொடுங்கள் என்று பிடித்துக்கொண்டாள். எழுதுகிறேன். பெருமைக்குத்தான் எழுதுகிறேன். அடக்கமாக எழுதுவது எனக்கு வராது. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

லேப் டெக்னீஷியன் படிப்பைப் பாளையங்கோட்டையில் முடித்தேன். படித்ததில் பாதி பரீட்சையோடு போயிற்று. மீதியைத் தென்காசியில், பெரிய கோயிலுக்குப் பின்னால் உள்ள தெருவில், டாக்டர் சாரதாவின் லேபில் சேர்ந்த பிறகு திருப்பிப் படித்தேன். அவர் ரத்தப் பரிசோதனை மருத்துவத்தில் பெரிய படிப்புப் படித்தவர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு, "சரி, ஏன்?" என்பார். அவ்வளவுதான், நமக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். இந்த டெஸ்ட்டை ஏன் கேட்டிருக்கிறார்கள்? இந்த நம்பர் ஏன் இப்படி வந்திருக்கிறது? மெஷின் சொல்லுச்சு மேடம் என்று பதில் சொன்னால் கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். அன்றைக்கு முழுக்க நம்மோடு பேச்சு இருக்காது. அதற்கு நாலு அடி வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்தால் எங்களுக்கும் சீசன். ஊர் ஊராக வந்து குளிக்கிறவர்கள், வந்த இடத்தில் சுகரும் கொழுப்பும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று லேபுக்குள் நுழைவார்கள். கையெல்லாம் மசாஜ் எண்ணெய். ஸ்பிரிட் பஞ்சு வழுக்கும், பிளாஸ்திரி ஒட்டாது. வெறும் வயிறுதான் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்வார்கள். டியூபைச் சுற்ற விட்டு எடுத்தால், ரத்த அணுவெல்லாம் அடியில் போய், மேலே தெளிவாக மஞ்சளாக நிற்க வேண்டிய சீரம் தேங்காய்ப்பால் கணக்காக நிற்கும். நான் வெளியே எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, நேத்து ராத்திரி பார்டர் புரோட்டாவா?" என்று கேட்பேன். கேரள எல்லையோரக் கடைகளில் எண்ணெயில் மிதக்கிற புரோட்டா அது. ஆள் அசடு வழிவார், பக்கத்தில் இருக்கிற அவர் வீட்டம்மா முறைப்பார். நாளைக்கு ஒழுங்காக வாங்க என்று திருப்பி அனுப்புவேன். வந்த வருமானத்தை விரட்டுகிறேன் என்று லேப் மேனேஜர் புலம்புவார். டாக்டர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தப்பான ரத்தத்தில் சரியான நம்பர் எடுத்து என்ன பிரயோசனம் என்று அவர்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

டாக்டரிடம் இன்னொரு வழக்கம் உண்டு. வேறெங்கும் நான் அதைப் பார்த்ததில்லை. டெஸ்ட் முடிந்ததும் மீதிச் சீரத்தைக் கொட்டக் கூடாது. பேர் எழுதி, மூடி, ஃப்ரீசரில் வைக்க வேண்டும். அந்த ஆள் ரிப்போர்ட்டைக் கொண்டுபோய்த் தன் வைத்தியரிடம் காட்டி, அவர் சொன்னதை எங்களுக்கு வந்தோ போனிலோ சொல்லும்வரை அது அங்கேயே இருக்கும். சொல்லாதவர்களுக்கு நாங்களே போன் போட்டுக் கேட்போம். ஃப்ரீசர் எப்போதும் பிதுங்கி வழியும். ஐஸ்கிரீம் வைக்கக்கூட இடமில்லை என்று மேனேஜர் ஆண்டுக்கு ஒரு தடவை சண்டைக்கு வருவார். டாக்டர் கண்ணாடியைத் தூக்குவார், மேனேஜர் போய்விடுவார்.

இனி இசக்கியம்மாள் கதைக்கு வருகிறேன்.

இசக்கி புளியங்குடிக்காரி. கல்யாணமாகிப் பல வருசமாகப் பிள்ளையில்லை. மாமியார் கூட்டிக்கொண்டு வருவாள், வெளி பெஞ்சில் உட்காருவாள், இவள் உள்ளே வந்து கையை நீட்டுவாள். தைராய்டு, அந்த ஹார்மோன், இந்த ஹார்மோன் என்று எழுதிக் கொடுக்காத வைத்தியர் இல்லை. எல்லாம் சரியாகத்தான் வரும். சரியாக வந்தால் சந்தோசப்பட வேண்டும். அவளோ ஒவ்வொரு தடவையும் முகம் வாடித்தான் போவாள். ஏதாவது ஒரு குறை கண்டுபிடித்தால் மாத்திரை சாப்பிட்டாவது வாயடைக்கலாம் என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். அவள் புருசன் முருகையா எலுமிச்சை லோடு ஓட்டுகிற லாரி டிரைவர். புளியங்குடி மண்டியில் மூடை ஏற்றி, செங்கோட்டை தாண்டி மலைப்பாதை வழியாகக் கேரளாவுக்குப் போகிறவர். அவரை நான் லேபுக்குள் பார்த்ததே கிடையாது. எதிர்த்த டீக்கடையோடு சரி.

ஒரு சீசன் சமயம் அந்த ஆளே உள்ளே வந்தார். கூட இசக்கி. சீட்டை வாங்கிப் பார்த்தேன். முருகையா என்று பேர் போட்டு, பிட்யூட்டரி ஹார்மோன்கள் வரிசையாக எழுதியிருந்தது, அதில் புரோலாக்டினும் இருந்தது. பிட்யூட்டரி என்பது மூளைக்கு அடியில், மூக்குக்குப் பின்னால் பட்டாணி அளவில் இருக்கிற சுரப்பி. அது விடுகிற புரோலாக்டின்தான் பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க வைக்கிறது. அதனால் அந்த டெஸ்ட் பெரும்பாலும் பெண்களுக்குத்தான் வரும். ஆண் பேரில் வருவது அபூர்வம்.

நான் "முருகையா" என்று கூப்பிட்டேன். இசக்கி வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, சேலையை ஒதுக்கிவிட்டு, கையை நீட்டினாள். யோசிக்கவே இல்லை. அத்தனை வருசப் பழக்கம்.

"ஒன் கை இல்லம்மா, இன்னைக்கு அவரு கை" என்றேன்.

அவள் நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாக எழுந்து இடம் விட்டாள். இத்தனை வருசத் தொழிலில் எத்தனையோ பேர் அழுது பார்த்திருக்கிறேன். அந்தக் கை நீண்டு நின்றது மட்டும் என்னை என்னவோ செய்தது.

ஊசி ஏறும்போது இசக்கிதான் சொன்னாள். கொஞ்ச காலமாக லாரியின் ரெண்டு பக்கமும் உரசல். ஒரு நாள் இடது பக்கம் மைல்கல்லில், ஒரு நாள் வலது பக்கம் பாலத்துச் சுவரில். முதலாளி திட்டினார். பிறகு மெயின் அருவியில் ஆண்கள் பக்கம் குளிக்கப் போய், ரெண்டு பக்கமும் நின்ற ஆட்களை இடித்துத் தள்ளி, அடிதடி ஆகிவிட்டது. தண்ணியைப் போட்டுவிட்டு வந்திருக்கிறான் என்று காவலுக்கு நின்ற போலீஸ்காரர் பிடரியைப் பிடித்து வெளியே தள்ளினார். மனுசன் பீடிகூடத் தொடாதவர்.

"நேர நின்னாத்தான் அக்கா இவுகளுக்கு ஆளு தெரியுது. பக்கத்துல நின்னா தெரியல. இந்தக் கண்ண வச்சுக்கிட்டு மலைப்பாதையில லோடு ஏத்திட்டுப் போயிருக்காவ" என்றாள்.

தென்காசியில் கண் டாக்டரிடம் போயிருக்கிறார்கள். எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை தப்பில்லாமல் வாசித்திருக்கிறார். அந்த டாக்டர் அதோடு விடாமல், நேராக என் மூக்கைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, ரெண்டு பக்கமும் விரலை ஆட்டிக் காட்டியிருக்கிறார். ரெண்டு பக்கமும் தெரியவில்லை. உடனே திருநெல்வேலிக்கு ஸ்கேனுக்கு அனுப்பிவிட்டார். பிட்யூட்டரியில் பெரிய கட்டி, அது கண் நரம்பு ரெண்டும் சேருகிற இடத்தை அமுக்குகிறது. இப்படியே விட்டால் பார்வை முழுக்கப் போய்விடும். திருநெல்வேலியில் மூளை ஆபரேஷன் செய்கிற சர்ஜன், ஹார்மோன் எல்லாம் பார்த்துவிட்டு வாருங்கள் என்று எழுதிக் கொடுத்த சீட்டுதான் அது.

புரோலாக்டின் நம்பர் இருக்க வேண்டியதற்குக் கொஞ்சம் மேலே வந்தது. பயப்படும்படி இல்லை. ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு போனார்கள். அதைப் பார்த்த சர்ஜன் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார். அவர் மேல் தப்பே கிடையாது. கட்டியே புரோலாக்டினைக் கொட்டுகிற ரகமாக இருந்தால் மாத்திரையிலேயே கரையும். அந்த ரகத்தில் இவ்வளவு பெரிய கட்டி என்றால் நம்பர் ஆயிரக்கணக்கில் நிற்க வேண்டும். இந்தச் சின்ன நம்பருக்கு அர்த்தம், இது ஒன்றும் சுரக்காத கட்டி, கத்திதான் வழி என்பது. மூக்கு வழியாகப் போய் எடுப்பார்களாம். கட்டி பெரிது, முழுசாக எடுக்க முடியுமா என்று தெரியாது, பார்வைக்கும் உறுதி சொல்ல முடியாது என்று பேசியிருக்கிறார்கள். இனி ஸ்டியரிங் பிடிப்பேனா என்று முருகையா கேட்டதற்கு, முதலில் உயிரோடு இருங்கள் என்று யாரோ சொன்னார்களாம்.

ஆபரேஷனுக்கு முதல் நாள், எதற்கும் ஒருமுறை ஹார்மோன் ஸ்பெஷலிஸ்ட்டையும் பார்த்துவிடுங்கள் என்று சர்ஜனே அனுப்பியிருக்கிறார். அந்த ஸ்பெஷலிஸ்ட் இளவயதுக்காரர், திருநெல்வேலிக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. அவர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், எங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு அவர்களிடம் மூன்று கேள்வி கேட்டாராம். மீசை தாடி முன் போல வளருகிறதா? தலைவலி எத்தனை நாளாக? மூன்றாவதாகக் கேட்டது புருசன் பெண்டாட்டி சமாச்சாரம். முருகையா தரையைப் பார்த்தார். இசக்கி பதில் சொன்னாள். "அது போயி ரொம்ப நாளாச்சு சார். இவுக வெளிய சொல்லக் கூடாதுன்னுட்டாவ. நானும் சொல்லல."

எங்கள் லேபில் போன் அடித்தபோது மதியச் சாப்பாட்டு நேரம். டாக்டர் சாரதா எடுத்தார். நான் பக்கத்தில் இருந்தேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கண்ணாடி மெதுவாக நெற்றிக்கு ஏறியது. போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"முருகையா சீரம் இருக்கா?"

"இருக்கு மேடம்" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொன்ன சந்தோசம் இன்னும் என் வாயில் இருக்கிறது. வேறு இடமாக இருந்தால் அதெல்லாம் அன்றைக்கே சாக்கடைக்குப் போயிருக்கும். திருநெல்வேலியில் இருக்கிறவரைத் திரும்ப வரவழைத்து, ரத்தம் எடுத்து, பார்த்துச் சொல்வதற்குள் மறுநாள் காலை ஆபரேஷன் டேபிளில் ஆளைப் படுக்க வைத்திருப்பார்கள்.

ஸ்பெஷலிஸ்ட் கேட்டது ஒன்றுதான். சாம்பிளை நீர்க்க வைத்துப் பார்த்தீர்களா, அப்படியே போட்டீர்களா? அப்படியேதான் போட்டிருந்தோம். எல்லோருக்கும் அப்படித்தான். டாக்டர் எனக்கு விளக்கின விதத்திலேயே சொல்கிறேன். சீசனில் தென்காசியில் இருந்து குற்றாலம் போகிற மினி பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். படியில் தொங்கக்கூட இடமில்லாத கூட்டம். கண்டக்டர் உள்ளே நுழைய முடியாமல், எட்டின நாலு பேருக்கு மட்டும் டிக்கெட் கிழிப்பார். டிக்கெட்டை எண்ணினால் பஸ் காலி என்றுதான் தோன்றும். மெஷின் எண்ணுவது டிக்கெட்டை, ஆளை இல்லை. புரோலாக்டின் அளவுக்கு மீறி நெரிசலாக இருந்தால் நம்பர் ஏறாது, இறங்கும். கூட்டத்தைப் பத்து பஸ்ஸில் பிரித்து ஏற்றிவிட்டு எண்ணினால்தான் உண்மை தெரியும்.

சாப்பாட்டு டப்பாவை மூடினேன். ஃப்ரீசரில் இருந்து டியூபை எடுத்து, தானாகக் குளிர் விடும்வரை ஸ்டாண்டில் வைத்தேன். அவசரப்பட்டுச் சூடு காட்டக் கூடாது. கரைந்ததும் மெதுவாகத் தலைகீழாகச் சாய்த்துச் சாய்த்துக் கலக்கினேன். குலுக்கினால் நுரை வரும், நுரை வந்தால் அளவு தப்பும். ஒரு பங்கு சீரம், ஒன்பது பங்கு நீர்க்க வைக்கும் திரவம். பிப்பெட் நுனியை டிஷ்யூவில் துடைத்தேன், வெளியே ஒட்டின துளி உள்ளே போகக் கூடாது. கலந்ததில் இருந்து ஒரு பங்கு எடுத்து மறுபடி ஒன்பது பங்கு. ஒவ்வொரு தடவைக்கும் புது நுனி. ஒரு துளி சிந்தவில்லை. அதையும் பெருமையாகவே சொல்கிறேன்.

முதல் டியூபை மெஷினில் போட்டோம். நம்பர் வரவில்லை, அளவுக்கு மேல் என்று காட்டியது. பத்தில் ஒரு பங்காகக் குறைத்தும் முன்னைவிட ஏறியிருக்கிறது. டாக்டர் என் தோளைத் தொட்டார். ரெண்டாவது டியூபும் அதே. மூன்றாவதாக ஒன்று நீர்க்க வைத்துப் போட்ட பிறகுதான் நம்பர் வந்து நின்றது. அதைப் பெருக்கிப் பார்த்தால் எங்கள் லேபில் அதுவரை யாரும் பார்த்திராத எண். நான் பார்த்ததை நம்பாமல் டாக்டரே கையுறை மாட்டிக்கொண்டு, தன் கையால் இன்னொரு வரிசை கலந்து போட்டார். ரெண்டும் ஒத்து வந்தது. "சரி, ஏன்?" என்று அன்றைக்கு அவர் கேட்கவில்லை. ஏன் என்று எங்கள் ரெண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

போன் போட்டோம். அந்த ஸ்பெஷலிஸ்ட் அதுவரை மற்ற நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே இவர்களை வெளியே உட்கார வைத்திருந்தார். நம்பரைக் கேட்டதும் சர்ஜனிடம் பேசினார், சர்ஜன் மறுபேச்சு இல்லாமல் ஆபரேஷனை நிறுத்தினார். வாரத்துக்கு ரெண்டு தடவை சாப்பிடுகிற மாத்திரை. முருகையா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இம்புட்டுப் பெரிய கட்டிக்கு இத்துணூண்டு மாத்திரையா சார்?" என்று கேட்டாராம்.

கரைந்தது. அடுத்த சில வாரங்களிலேயே அவருக்குப் பக்கவாட்டில் நிற்கிற ஆள் நிழலாகத் தெரிய ஆரம்பித்தது. பிறகு ஆளாகவே தெரிந்தது. கண் டாக்டர் விரலை ஆட்டினபோது ரெண்டு பக்கமும் சரியாகச் சொன்னார். மறுபடி எடுத்த ரத்தத்தின் ரிப்போர்ட் வாங்க வந்த அன்று இசக்கி என்னிடம் தனியாகக் கேட்டாள்.

"அப்போ பிள்ளை இல்லாததுக்கும் இதுதானா அக்கா?"

ஹார்மோன் டாக்டர் அப்படித்தான் சொல்லியிருக்கிறார் இல்லையா, புரோலாக்டின் இப்படி ஏறினால் ஆம்பிளைக்கு ஆண் ஹார்மோனை அமுக்கிவிடும், என்றேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். கோபப்பட்டாள். "அப்படின்னா இத்தனை வருசமா எங்கையில என்னத்துக்குக் குத்துனீங்க?" என்றாள். சீட்டில் எழுதியிருந்தது, குத்தினோம். அவளை ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வைத்தேன். குடித்துவிட்டு ஒரு உதவி கேட்டாள். புளியங்குடிக்கு வந்து, குறை யாரிடம் இருந்தது என்று மாமியாரிடம் நான் சொல்ல வேண்டும். அவள் சொன்னால் எடுபடாது, லேப்காரம்மா சொன்னால் எடுபடும்.

முடியாது என்றேன். ரிப்போர்ட் அவர் பேரில் இருக்கிறது, அதை வெளியே சொல்ல அவருக்குத்தான் உரிமை. டாக்டர் சாரதா எங்களுக்குப் போட்ட முதல் சட்டம் அது. சரியான சட்டம்தான். ஆனால் இசக்கி என்னைப் பார்த்துவிட்டுப் போன பார்வையில், அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

பிள்ளை பிறந்ததா என்று இந்தக் கதையைக் கேட்கிற எல்லோரும் கேட்கிறார்கள். அதைச் சொல்வதும் அவர்கள் பாடு, என் பாடு இல்லை. நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

கொஞ்ச மாதம் கழித்து, அளவு இறங்கியிருக்கிறதா என்று பார்க்க ரத்தம் கொடுக்க வந்தார்கள். மூன்று பேர். அவர்கள் வீட்டில் வேறு யாரும் விவரம் அறிந்த மாதிரி இல்லை, கண்ணில் ஏதோ கோளாறு என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறார்கள். மாமியார் வழக்கம் போல வெளி பெஞ்சில், கையில் கூடையோடு. சாரல் அடித்துக்கொண்டிருந்ததால் உள்ளேயும் வெளியேயும் ஒரே கூட்டம். நான் கதவில் நின்று "முருகையா" என்று கூப்பிட்டேன்.

யார் பேரைக் கூப்பிட்டாலும் கை நீட்டுகிறவள் மருமகள்தான் என்ற நினைப்பில் மாமியார் இசக்கியின் முழங்கையில் இடித்தாள். "ஏட்டி, போ. ஒன்னையத்தான் கூப்பிடுதாவ. கைய நீட்டி இந்தத் தடவையாவது நல்ல சேதி வாங்கிட்டு வா."

இசக்கி எழுந்திருக்கப் போனாள். முருகையா அவள் தோளை அமுக்கி உட்கார வைத்துவிட்டு எழுந்தார். சட்டைக் கையை நின்ற இடத்திலேயே மேலே சுருட்டினார். பெரிய உடம்பு, குரலும் பெரிசு. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவ இல்லம்மா. நான். கொறை என் ஒடம்புல இருந்துச்சு. இம்புட்டு வருசமும் நான் டீக்கடையில நின்னேன், எனக்காக அவ ரத்தம் குடுத்தா. இனி யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லணும்னா அவகிட்ட இல்ல, எங்கிட்ட சொல்லுங்க."

மாமியார் கூடையை மடியில் இருந்து எடுத்துத் தரையில் வைத்தாள், மறுபடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முருகையா நேராக உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்து கையை நீட்டினார். ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டே நான் கதவு வழியாகப் பார்த்தேன். இசக்கி ரெண்டு கையையும் முந்தானைக்குள் பொதிந்து வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.